நீலக் குமிழிகளே, சாட்சி சொல்லுங்கள்!

செல்போன் அலறியது.

ஸ்க்ரீனில் பெயர் மின்னியது... 'கொலைகாரன்'!

தண்ணிக்காரி கையிலிருந்த ட்யூபைக் கீழே வைத்தாள்.

தண்ணிக்காரி என்றதும் தப்பாக நினைக்க வேண்டாம். அவள் ஒரு சொட்டு தொடுகிற ரகமில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் குழாய் ஓட்டி, அதில் கலர் கலராகக் கூலன்ட்டைச் சுற்றவிட்டு, சூட்டைத் தணித்துக் கொடுப்பது அவள் தொழில். கஸ்டமர்கள் செல்லமாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"சொல்லுங்க மாமா..."

குரலில் தேன். வயிற்றில் தீ!

"என்ன மச்சினிச்சி, கடையிலதான் இருக்கியா? என் பெட்டி கொதிக்குதும்மா. ஆன் பண்ணி பத்தே நிமிஷம்... தொண்ணூறு டிகிரி! உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"எடுத்துட்டு வாங்க மாமா. இப்பவே வாங்க."

போனை வைத்தாள்.

எட்டு மாதங்களுக்கு முன்னால், மாலை ஆறரை மணிக்கு, அவளுடைய அக்கா தன் ஆபீஸின் பின்படிக்கட்டில் கழுத்து முறிந்து கிடந்தாள். கைப்பைக்குள் விவாகரத்து மனு. கையெழுத்துப் போட்டுத் தயாராக இருந்தது.

சந்தேகம் யார் மேல் வரும்?

புருஷன் மேல் வந்தது. வந்த வேகத்திலேயே ஓடியும் போனது!

ஏனென்றால், அன்று ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை மாமா வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தான். இன்டர்நெட்டில் லைவ்! நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அவன் தோளுக்குப் பின்னால் அவனுடைய கம்ப்யூட்டர், நீலக் குழாய்கள் பளபளக்க ஜோராக நின்றது. அன்று மட்டும் ரசிகர்கள் கேட்ட ஒரு கேள்விக்கும் அவன் பதில் சொல்லவில்லை. ஆட்டம் சூடு பிடித்துவிட்டதாம்!

நாற்பதாயிரம் சாட்சிகள் போதாதா? 'தவறி விழுந்து மரணம்' என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

அது லைவே இல்லை, முன்கூட்டி எடுத்து வைத்து, டைமர் போட்டு ஓட்டிய பதிவு என்று தண்ணிக்காரியின் மனசு அடித்துச் சொன்னது. மனசு சொன்னால் கோர்ட் கேட்குமா? எட்டு மாதமாகத் தினம் ஒரு தடவை அவனை மனசுக்குள்ளேயே கொன்றாள். அவனோ தினம் சாயங்காலம் உயிரோடு வந்து கேம் ஆடினான்.

கடையில் அப்போது ஒரே ஒரு கஸ்டமர். வழுக்கைத் தலை. தொளதொள சட்டை. அலமாரி பாட்டில்களைப் பார்த்துத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எல்லாம் ஷாம்பு மாதிரி இருக்கே... எதை வாங்கறது?"

"இருங்க சார், நிதானமா சொல்றேன்."

கதவு திறந்தது. மாமா!

கறுப்புக் கண்ணாடி. புதுச் சட்டை. தூக்கி வந்த பெட்டியை மேஜையில் வைத்தான். அவள் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருந்த கூலன்ட் தொட்டியின் மூடியைத் திருகினாள். குப்பென்று ஒரு நாற்றம்.

"ச்சீ! என்ன மாமா இது, பாசி பிடிச்சுக் கிடக்கு?"

"அளவு குறைஞ்சுதுன்னு கொஞ்சம் குழாய்த் தண்ணி ஊத்தினேன்..."

"குழாய்த் தண்ணியா! காய்ச்சி வடிச்ச தண்ணியைக்கூடத் தனியா ஊத்தக் கூடாது மாமா. பாசி பிடிக்காம இருக்க மருந்து கலக்கணும். உள்ள செம்பு இருக்கு, நிக்கல் இருக்கு... அரிச்சுத் தின்னுடும்."

கஸ்டமர் மூக்கை நுழைத்தார்.

"அப்ப எதும்மா நல்லது?"

"நிறமே இல்லாததுதான் சார் உத்தமம். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும். சாயம் போட்டது பார்க்க அழகு, ட்யூப்ல கறை விடும். பால் மாதிரி கெட்டியா இருக்கறது, ஜிகினா கலந்தது... போட்டோவுக்கு ஜோர்! நாலு மாசத்துல அடியில படிஞ்சு அடைச்சுக்கும்."

"மேக்கப் மாதிரின்னு சொல்லு!" என்றார் கஸ்டமர்.

மாமா கடகடவென்று சிரித்தான்.

"சார், நமக்கு எப்பவும் நீலம்தான். ரசிகர்களுக்கு என் மூஞ்சி மறந்தாலும் என் நீலம் மறக்காது. மச்சினிச்சி, அதையே ஊத்து."

"அக்காவுக்கு நீலம் பிடிக்காது இல்ல மாமா?"

"உங்க அக்காவுக்கு என்னத்தைப் பிடிச்சுது? என்னையே பிடிக்கல!"

மறுபடியும் அந்தச் சிரிப்பு.

அவள் கையில் ஸ்பேனர் இருந்தது. மண்டை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு நொடி போதும்... ஆனால் அது அவனுக்கு ரொம்பச் சுலபமான சாவு! பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"இதைக் கடைசியா மாத்தினது நான்தான் மாமா."

"நீயா? எப்போ?"

"அக்கா போன அன்னைக்கு. மத்தியானம்."

சிரிப்பு நின்றது.

"காலையில அக்கா சாவி குடுத்தா மாமா. மூணு மணிக்கு மேல வந்தேன், நீங்க வெளிய போயிருந்தீங்க. நாலு மணிக்குள்ள பழசை வடிச்சுட்டு, அதே நீலத்தைப் புதுசா ஊத்திட்டு ஓடிட்டேன். குமிழ் எடுக்கக்கூட நேரமில்ல."

"குமிழா?" என்றார் கஸ்டமர்.

"ஆமா சார். புதுசா ஊத்தினா உள்ள காத்து மாட்டிக்கும். அஞ்சாறு மணி நேரத்துக்குத் தண்ணி பூரா நுரைதான். நீலமே வெள்ளையா தெரியும். பம்ப் வேற மிக்ஸியில கல்லு போட்ட மாதிரி கத்தும். ராத்திரிக்குள்ள தானா அடங்கிடும்."

கஸ்டமர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தார்.

"அட, நீங்கதானா அது! சம்சாரம் தவறிப்போன அன்னைக்கு லைவ் ஓட்டினீங்களே... நான் பார்த்தேன் சார்! தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சே? நுரையும் இல்ல, சத்தமும் இல்ல..."

மாமாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அது... அது வந்து... ஆமா! ஆமா சார்! நாலரை மணிக்கு வீட்டுக்குள்ள நுழையறேன், கரகரன்னு காது கிழியற சத்தம்! பார்த்தா உள்ள ஒரே நுரை!"

"அடடா! அப்புறம்?"

"பெட்டியைத் தூக்கி இப்படிச் சாய்ச்சு, அப்படிச் சாய்ச்சு, அரை மணி நேரம் ஆட்டினேன் சார். காத்தெல்லாம் வெளிய வந்துது. அதுக்கப்புறம்தான் லைவே ஆரம்பிச்சேன்."

"நுரையைக் கண்ணால பார்த்தீங்க?"

"பார்த்தேனே!"

"சத்தத்தைக் காதால கேட்டீங்க?"

"கேட்டேன் சார்! என் பொண்டாட்டி செத்த நாள்... ஒவ்வொரு நிமிஷமும் நெஞ்சுல அப்படியே நிக்குது. மறக்க முடியுமா?"

"நல்ல ஞாபகசக்தி!"

கஸ்டமரின் திருதிரு முழி காணாமல் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"போன மாசம்தான் மாற்றலாகி வந்தேன். இன்ஸ்பெக்டர். மூடின ஃபைலைத் திறக்க ஒரு ஓட்டை கிடைக்குமான்னு தேடிக்கிட்டிருந்தேன். இந்தப் பெட்டி ரிப்பேருக்கு இங்கதான் வரும்னு சொல்லி, இந்தப் பொண்ணுதான் என்னைக் காத்திருக்க வெச்சா..."

மாமா எழுந்தான். குரல் உயர்ந்தது.

"இதுல என்ன சார் ஓட்டை? குமிழைத்தான் நான் எடுத்துட்டேனே!"

தண்ணிக்காரி சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு!

"எந்தக் குமிழை மாமா?"

"நீ... நீ ஊத்தினியே..."

"நான் எங்க மாமா ஊத்தினேன்? அன்னைக்கு உங்க வீட்டுப் பக்கமே நான் வரலையே!"

மாமா கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

"அன்னைக்கு யாரும் புதுசா ஊத்தல. நுரையும் இல்ல, சத்தமும் இல்ல. பெட்டி எப்பவும் போல அமைதியா ஓடிட்டிருந்துது."

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் தொடர்ந்தார்.

"நீ நிஜமாவே அந்த ரூம்ல உட்கார்ந்திருந்தா என்ன சொல்லியிருப்பே? 'இவ புளுகுறா சார், சத்தமே இல்ல'ன்னு சொல்லியிருப்பே. அங்க இல்லாதவன்தானேப்பா நடக்காத விஷயத்துக்கு விளக்கம் சொல்லுவான்? நாலரை மணியிலேர்ந்து நீ எங்க இருந்தே... அந்தப் பின்படிக்கட்டுலயா?"

மாமா பாய்ந்தான். பெட்டியை அப்படியே தலைக்கு மேல் தூக்கினான், தரையில் அடித்து நொறுக்க!

அவள் திருகித் திறந்த மூடி திறந்தபடிதானே இருந்தது? பாசியும் நாற்றமுமாக நீலம் மொத்தமும் அவன் தலையில் கொட்டியது. கண்ணில் எரிச்சல். காலடியில் வழுக்கல். பெட்டியை இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார். மாமாவைத் தரை பிடித்துக்கொண்டது.

வாசலில் காத்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். விலங்கு விழுந்தது.

"உடைக்காதப்பா, எங்களுக்கு வேணும்," என்றார் இன்ஸ்பெக்டர், பெட்டியைத் தடவியபடி. "நீ எந்தத் தேதியில அந்த வீடியோவை எடுத்தே, எப்ப அழிச்சே... எல்லாத்தையும் இதுக்குள்ளேர்ந்து தோண்டி எடுக்க ஆள் வெச்சிருக்கோம்."

நீலம் சொட்டச் சொட்ட மாமா கத்தினான்.

"பொய்! இவ வந்தா! வந்து ஊத்தினா! வரலைன்னு இவளால நிரூபிக்க முடியுமா? அன்னைக்கு எங்கடி இருந்தே நீ?"

தண்ணிக்காரி அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அவள் கண்கள் நிரம்பியிருந்தன.

"மத்தியானம் மூணு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் பல் டாக்டர்கிட்ட இருந்தேன் மாமா. ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கு. கடவாய்ப் பல்லு, வேர் உள்ளயே உடைஞ்சுடுச்சு. அக்கா போயிட்டான்னு போன் வந்தப்ப வாய் நிறைய பஞ்சு. வாய் விட்டு அழக்கூட முடியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு டாக்டர் என் பல்லைப் பிடுங்கினாரு. இன்னைக்கு நான் உங்க பல்லைப் பிடுங்கிட்டேன். என்ன ஒண்ணு மாமா... அவர் மரத்துப்போக ஊசி போட்டாரு, நான் போடல!"