வாழைக்கு ஒரு நல்ல வார்த்தை

காலையில் பல் துலக்கியதும் எங்கள் வாய்க்கால் தெருக்காரர்கள் செய்யும் முதல் வேலை, தெருமுனைக் கம்பத்துக்கு முன்னால் நின்று வாழைப்பழத்தைப் புகழ்வது. தன்ஷிகா பெரியம்மாதான் எப்போதும் முதல் ஆள். சர்க்கரை வியாதிக்குப் பயந்து அவர் பழத்தைத் தொட்டே பல வருடம் ஆகிறது. ஆனாலும் கம்பத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "அடடா, நேத்துத் தின்ன நேந்திரன் இன்னும் நாக்குலயே நிக்கிது" என்பார். பின்னாலேயே அவர் மகன் லோகித், கொட்டாவி விட்டபடி, "ஆமா, நல்ல பழம்" என்பான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற போக்கில் "சூப்பர் பழம்!" என்று கத்திவிட்டு ஓடும். நானும் சொல்வேன். எனக்கு வாழையும் கிடையாது, நிலமும் கிடையாது. ஒரு தையல் மிஷின் உண்டு. ஆனால் ஊரோடு போய் நின்றால்தானே ஊர்ச் சங்கதி தெரியும்?

கம்பத்தின் உச்சியில் வெங்காயம் அளவுக்கு ஒரு வெள்ளைக் குமிழ். வழங்கல் வாரியம் அதற்கு வைத்த பெயர் 'தேவையுணர்வி'. நாங்கள் கேட்பான் என்போம்.

கேட்பான் வருவதற்கு முன்னால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு வருடம் விலை ஏறினால் மறு வருடம் மலையடி வரைக்கும் வாழைதான். தார் வெட்டும் கூலியும் லாரி வாடகையும் விலையைத் தாண்டிவிட, பழம் மரத்திலேயே கறுத்துச் சொட்டும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த வருடம் யாரும் நட மாட்டார்கள்; பட்டணத்தில் ஒரு பழம் ஒரு சாப்பாட்டு விலைக்குப் போகும். ஜனங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று வாரியம் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தது. கேட்டவர்களிடம் ஜனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினார்கள். அதனால்தான் கேட்காமலே கேட்கிற காது ஒன்றை நட்டார்கள். எந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேச்சு நன்றாக இருக்கிறதோ அதற்கு விலை, கடன், தண்ணீர். பேச்சு கெட்டால் அந்தத் தோட்டத்து மடை தானாக மூடிக்கொள்ளும். பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் வாழை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாரியத்தின் கள ஆய்வாளன் கவினேஷ் ஒரு நாள் மனைவியின் ரவிக்கையை வாங்க என்னிடம் வந்தான். வாய் நீளத்தில் எனக்குச் சற்றும் குறைந்தவனில்லை.

"ம்மா, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. கம்பத்தப் பாத்துப் பேசுறத கேட்பான் எடுத்துக்கிறதே இல்ல. தெனமும் ஒரே பாட்டப் பாடுனா மிஷினுக்குச் சலிக்காதா?"

"அப்ப எதத்தான் தம்பி எடுத்துக்கிது?"

"ஒருத்தர் இன்னொருத்தர் காதுல சொல்றத. அதுவும் குரலத் தாழ்த்திச் சொல்லணும். அதுதான் நெசம்னு அதுவா கத்துக்கிச்சு. எடுத்துக்கிட்டா குமிழு பச்சையா ஒரு மின்னு மின்னும், கவனிச்சுப் பாருங்க." ரவிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தான். "இந்தத் தெருவுல உங்க பேச்சுக்குத்தான் எடை ஜாஸ்தி. நீங்க ஒருத்தர் நாப்பது பேருக்குச் சமம்."

பொய் சொல்வானேன், முதலில் பெருமையாகத்தான் இருந்தது. வாயாடி என்று பேர் எடுத்தவளுக்கு இதுவரை யார் பட்டம் கொடுத்தார்கள்?

"போன மாசம் பிரணவ் தோட்டத்துப் பூவன் சோப்பு நாத்தம் அடிக்குதுன்னு சொன்னீங்கள்ல? அன்னைக்குச் சாயங்காலமே மடை மூடிருச்சு" என்றான்.

பிரணவ் தோட்டத்தை விட்டுவிட்டுக் கொச்சிக்குப் போனது யாரோ ஒருத்தி பின்னால் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! நினைத்ததோடு நிற்காமல் நாலு வீட்டில் சொல்லியும் இருந்தேன். பழத்தில் சோப்பு நாற்றம் அடித்தது உண்மை. இருந்தாலும் கையில் பிடித்திருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டேன்.

கவினேஷ் தெருவைத் தாண்டுவதற்குள் சேதி தெருவைத் தாண்டியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து நான் வாசலுக்கு வந்தால் பேச்சு நின்றது. ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. அளவு கொடுக்க வருகிறவர்கள்கூடக் கையை நீட்டிக்கொண்டு மூச்சுப் பிடித்து நின்றார்கள். ஆனால் பலகாரத்துக்குக் குறைவில்லை. தன்ஷிகா பெரியம்மா தினமும் பணியாரம் கொடுத்தனுப்பினார். லோகித் என் கூரையைக் கேட்காமலே சரிசெய்தான். மொத்தத்தில் தெருவுக்குள் வந்துவிட்ட பாம்புக்குப் பால் வைப்பதுபோல எனக்கு வைத்தார்கள். எனக்கோ என் நாக்கைக் கண்டே பயம். தனியாக இருக்கும்போதுகூட நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதுவும் கொடுத்தனுப்பாதவள் பக்கத்து வீட்டு வர்ஷிணி மட்டும்தான். புருஷன் ஆலப்புழையில் படகு ஓட்டுகிறான். இவள் இங்கே ஒற்றை ஆளாகக் குத்தகைக்கு நேந்திரன் போட்டிருந்தாள். தார் முற்றுகிற சமயம். அதை வெட்டினால்தான் அந்த வீட்டில் மற்ற எல்லாம். அவள் உச்சிவெயிலில் சாக்கும் மண்வெட்டியுமாகத் தோட்டத்துக்குப் போவதை மூன்று நாள் பார்த்தேன். உச்சிவெயிலில் யார் மண் வெட்டுவார்கள்? நாலாம் நாள் கால் தானாக அவள் பின்னால் போய்விட்டது.

கேட்பானின் காது எட்டாத தூரத்தில், அவள் மரத்தடியில் குழி தோண்டி, மஞ்சள் பிடித்துத் தொங்கிய மட்டைகளைப் புதைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மரம் வெட்டிக் கிடந்தது. தண்டுக்குள் காய்ந்த ரத்தம்போல் பழுப்புக் கோடுகள். வாடல் நோய். மண்ணில் ஒரு முறை இறங்கினால் பேரப்பிள்ளை காலம் வரை போகாது என்பார்கள்.

"பாத்துட்டீகளா மதினி?" திரும்பாமலே கேட்டாள்.

"வர்ஷிணி, இது தண்ணியோட கீழ்த் தோட்டத்துக்கெல்லாம் போயிருமே. வாரியத்துல சொல்லிரு தாயி."

"சொன்னா வரிசையோட பிடுங்கிருவாக. மடைய மூடிருவாக. நான் படகுல போயிக் குடியிருக்கவா?" மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். "கீழ்த் தோட்டமெல்லாம் சுத்தம்னா நெனைக்கிறீக? உங்களுக்குப் பணியாரம் ஏன் வருது? தின்னுட்டு வீட்டோட கெடக்கத்தான். அந்தம்மா மகன் எனக்கு முன்னாடியே பொதைக்க ஆரம்பிச்சிட்டான். எல்லார் தோட்டத்துலயும் இதுதான். எல்லாத்துக்கும் தெரியும். உங்களத் தவிர."

தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையிலேயே சொல்கிறவள் நான். இது மட்டும் என் மூக்குக்கு எட்டவே இல்லை.

மறுநாள் காலை கம்பத்தடியில் எல்லோரும் இருந்தார்கள். யாரும் கம்பத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். ஓரத்தில் வர்ஷிணி, நகக்கண்ணில் மண்ணோடு. அத்தனை முகத்திலும் ஒரே பயம். அதைத் தாங்க முடியாமல் தன்ஷிகா பெரியம்மாவின் காதருகே குனிந்தேன்.

"பெரியம்மா, வெளிய சொல்லிராதீக. நம்ம தெரு வாழை மாதிரி நோய்நொடி இல்லாத வாழை இந்தப் பள்ளத்தாக்குலயே கெடையாதாம்."

குமிழ் பச்சையாக மின்னியது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்படி ரித்திகா" என்றார். அன்று சாயங்காலம் எல்லா மடையும் முழுதாகத் திறந்தது. விலையும் ஏறியது. ஒரு வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் வாரியத்தின் அறிவிப்பு எல்லோருடைய போனிலும் வந்தது. நோயில்லாத தெரு என்று எங்கள் தெருவைக் கேட்பான் கண்டுபிடித்துவிட்டதாம். இந்தப் பருவத்துக்கு மாநிலம் முழுவதும் நடப்போகும் விதைக்கன்று இங்கிருந்துதான் போக வேண்டுமாம்.

விடிந்தபோது தெருவில் ஆளில்லா லாரிகள் வரிசையாக நின்றன. தெருக்காரர்கள் கிழங்கோடு தோண்டிய கன்றுகளை அடுக்கினார்கள். கிழங்கு வெட்டுப்பட்ட இடத்தில் பழுப்பு தெரிந்தது. அதன்மேல் சேற்றை அப்பினான் லோகித். யாரும் யாரோடும் பேசவில்லை. ஏற்றி முடித்ததும் அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதல் லாரி உறும ஆரம்பித்தது.

நான் கம்பத்தடிக்கு ஓடினேன். "நோயிருக்கு! எல்லாத் தோட்டத்துலயும் வாடல் நோயிருக்கு! அனுப்பாதீக!" தொண்டை கிழியக் கத்தினேன். குமிழ் வெள்ளையாகவே இருந்தது. குரலைத் தாழ்த்தி, கம்பத்தோடு வாயை ஒட்டிவைத்துச் சொன்னேன். அப்போதும் வெள்ளைதான். அதற்கு ஒரு காது வேண்டும். நாற்பது பேர் எடை என் வாயில் இருக்கிறது, கேட்க ஒரு காது இல்லை. பெரியம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு விரல் திரைச்சீலையை இழுத்து மூடியது. போன் செய்தேன்; கவினேஷ்கூட எடுக்கவில்லை.

லாரி நகரத் தொடங்கியது.

வர்ஷிணியின் கதவு திறந்தது. நேரே வந்து என் பக்கத்தில் நின்றாள்.  தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

"சொல்லுங்க மதினி."

"உன் தோட்டந்தாண்டி மொதல்ல..."

"தெரியும். சொல்லுங்க."

சொன்னேன். வாழ்நாளில் எத்தனையோ பேர் காதில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எதற்கும் வாய் இப்படி உலர்ந்ததில்லை. முதலில் அவள் தோட்டம், பிறகு பெரியம்மா தோட்டம், பிறகு வரிசையாக ஒவ்வொன்றும். ஒவ்வொரு பேருக்கும் குமிழ் பச்சையாக மின்னியது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமல் அடங்கி நின்றன. அந்த அமைதியில் வாய்க்கால் பக்கமிருந்து மடைப் பலகைகள் விழும் சத்தம் கேட்டது. முதலில் விழுந்தது எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வர்ஷிணி என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது, இல்லை, என்னுடையதா?

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தன.