நீலப் பெயின்டுக்குள் ஒரு முடி

முதலில் ஒரே ஒரு முடிதான். காரின் வலப்பக்கக் கதவுக்குக் கீழே, கடைசிப் பூச்சு காய்ந்து பளபளத்த நீலத்துக்குள் ஒரு முழ நீளத்தில் சுருண்டு கிடந்தது. நகுலேஸ்வரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கராஜ் முழுக்கப் பிளாஸ்டிக் விரித்து, தூசி கிளம்பாமல் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, மூச்சைக்கூட அளந்து விட்டு அடித்த பெயின்ட் அது. தன் முடியாக இருக்க வழியே இல்லை. அவர் தலையில் எண்ணினால் நாற்பது தேறாது.

பியர்பொன்ட்ஸ் என்ற பனிநாட்டுப் புறநகரில், தன் வீட்டுக் கராஜில் மூன்று குளிர்காலமாக அந்தக் காரோடுதான் அவருடைய சீவியம். பண்ணைக் கொட்டிலொன்றில் துருப்பிடித்துக் கிடந்த அறுபத்தேழாம் ஆண்டு முஸ்டாங்கை வாங்கி வந்து, உக்கிய இரும்பையெல்லாம் வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து ஒட்டி, பழையதைப்போல் மூன்று மடங்கு வலுவுள்ள எஞ்சினை இறக்கியிருந்தார். வெளியே அந்தக் காலப் பந்தயக் காரின் அச்சொட்டான நகல், உள்ளே இன்றைய வேகம். ஜூன் மாதம் ஒரே மகள் சாம்பவி மணப்பெண்ணாக இந்தக் காரில்தான் மண்டபத்தில் போய் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

முடியை இடுக்கியால் பிடித்து இழுத்தார். பெயின்டில் ஒட்டிய முடி என்றால் தொட்டதும் அறுந்து வரும். இது அறவில்லை, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எங்கோ இறுகி, பின் சுள்ளென்று விடுபட்டது. நுனியில் வெள்ளையாக ஒரு வேர். வேரோடு ஈரமாகத் தோல் துணுக்கு. அதே நொடியில் மேலே சமையலறையில் சாம்பவி கத்தியது கேட்டது.

இரவுச் சாப்பாட்டில் அவள் உச்சியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஆரோ பின்னால நிண்டு என்ர தலைமயிரைப் பிடுங்கின மாதிரி இருந்ததப்பா" என்றாள். நகுலேஸ்வரன் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் பன்னிரண்டு முடிகள். அதற்கு அடுத்த நாள் எண்ண முடியவில்லை. சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தார். பெயின்ட் நீலத் தூளாகப் பறக்க வேண்டும். பறக்கவில்லை, பசையாகத் திரண்டு விரலில் அப்பிக்கொண்டது. குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே கைவிட்டு எடுக்கிற அந்த முடிக்கட்டியின் நாற்றம். கழுவிக் கழுவிப் பார்த்தும் நகத்தடியை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து சோற்றைக் கரண்டியால்தான் அள்ளித் தின்றார்.

மேலே சாம்பவியின் சீப்புகள் நிறைந்தன. உச்சியில் காசளவு வெறுமை தெரிந்தது. நேற்றிலிருந்து பல்லும் ஆடுகிறது என்று அழுதாள். மனைவி இந்திராதேவி குழாய்த் தண்ணீரைப் பழித்தாள், கலியாணக் கவலையைப் பழித்தாள், கடைசியில் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அண்டைக்குச் சுத்தின நாவூறை வடிவா எரிச்சனீங்கள்தானே?"

"ஓம், எரிச்சனான்."

பொய். நவம்பரில் கார் வெறும் கூடாக இருந்தபோது சாம்பவி அதற்குள் ஏறி இருந்து, இடப்பக்கத் தெத்துப்பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டாள். ஊர் உலகமெல்லாம் பார்த்து வாயூறியது. கண்ணூறு கழிக்க அன்று பின்னேரமே இந்திராதேவி செத்தல் மிளகாய், உப்பு, கடுகு, மகளின் தலைமயிர் மூன்று, காலடித் தூசி எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி, காரோடு சேர்த்து மகளுக்கு மும்முறை சுற்றி, எரிக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். வீட்டுக்குள் எரித்தால் புகை அலாரம் அலறும். வெளியே உறைபனி. வெல்டிங் பிடியோ கையில் இருந்தது. வலப்பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் உட்குழிவான இரும்புச் சட்டத்துக்குள் பொட்டலத்தைத் தள்ளி, வாயைத் தகட்டால் மூடி ஒட்டிவிட்டார். இதைவிட நல்ல நெருப்பு ஏது என்று அப்போது சிரிப்பு வேறு. விளிம்புதான் உருகும், நடுவுக்குச் சூடு போகாது என்பது முப்பது வருட வெல்டருக்குத் தெரியாததா? தெரியும். சோம்பல்.

ஞாயிறு பின்னேரம் கராஜுக்கு இறங்கினார். ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பெயின்ட் மணம் இல்லை. வியர்வை மணம், ஈரத் தலை மணம், அதற்கு அடியில் மகள் வழக்கமாகப் பூசும் தேங்காயெண்ணெய் மணம். வலப்பக்கக் கதவின் கீழே நீலமே தெரியவில்லை. கறுப்பாக, அடர்த்தியாக, நிலம்வரை தொங்கிய கூந்தல் ஹீட்டர் காற்றில் அசைந்தது. யாரோ வாரி விட்டிருந்தார்கள். அல்லது தானே வாரிக்கொண்டது. அவர் மூலையில் குனிந்து வாந்தி எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு கிரைண்டரை எடுத்தார். பொட்டலத்தை எடுத்து எரித்துவிட்டால் பிள்ளை பிழைத்துவிடும். ஆனால் ஒரு முடிக்கே கத்தினாளே. வெட்டினால்? இரும்பை வெட்டக்கூடாது. தான் போட்ட வெல்டிங் ஒட்டை மட்டும். அது தன்னுடைய கைவேலை. அது அவள் இல்லை.

கூந்தலை ஒதுக்கினார். சூடாக இருந்தது. கிரைண்டரை முடுக்கி, அதன் வெட்டுச் சில்லை ஒட்டில் வைத்தார்.

பொறி பறக்கவில்லை.

சத்தமும் இல்லை. வெண்ணெய்க்குள் போவதுபோல் சில்லு இறங்கியது. முகத்தில் ஈரம் தெறித்தது. உதட்டில் பட்டதும் உப்புக் கரித்தது.

கிரைண்டரை நிறுத்தினார். மேலே காது கொடுத்தார். ஒரு கத்தலும் இல்லை. அப்பாடா.

டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

பேப்பர் இல்லை. மிளகாய் இல்லை. சிவப்பு. வழுவழுப்பு. ஈறு.

பின்னால் படிக்கட்டுக் கதவு திறந்தது. சாம்பவி நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் இரத்தம். கண்கள் அவரைக் கெஞ்சின. மெல்லக் கையை எடுத்தாள்.

வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு. ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னம்வரை நெளிநெளியாக ஒட்டிய வடு. அவருடைய கையால் ஓடிய ஒட்டு. ஒவ்வொரு நெளிவும் அவருக்குத் தெரியும்.

"அப்பா."

அவருடைய முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து, காருக்குள்ளிருந்து வந்தது அவளுடைய குரல். அவர் திரும்பினார். தான் வெட்டிய பிளவு எச்சில் வடிய அகன்றுகொண்டிருந்தது. உள்ளே மேலும் கீழும் வரிசையாக வெள்ளைப் பற்கள். இடப்பக்கத்தில், அதே இடத்தில், ஒரு தெத்துப்பல்.