நெஞ்சோடு இழுத்த கதவு

அவன் கையை நெஞ்சோடு இழுத்தான். திரையில் இருந்த கதவு மூடிக்கொண்டது. அதே நொடியில் வீட்டுக்குள் சமையலறைக் கதவும் 'டப்'பென்று மூடிக்கொண்டது.

"யாருங்க கதவைச் சாத்தினது?" உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

"காத்து!" என்றான். மழைக்காக ஜன்னல்களையெல்லாம் அவனே அடைத்திருந்தான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அதை யோசிக்க விடாமல் சோபாவில் மச்சினன் உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தான். "மாமா, அந்த நர்ஸ் உங்க பின்னாடிதானே ஓடி வந்தா? அவ மூஞ்சிலயே சாத்திட்டீங்களே!"

"கன்ட்ரோலர் சரியில்லடா. தானா இழுக்குது."

"ஆமா, போன தடவையும் அதுதான் இழுத்துச்சு. பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க!"

எல்லோருக்கும் அவன் 'மாஸ்டர்'. டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பதறாதீங்க, நான் இருக்கேன்ல" என்று நாள் முழுக்கச் சொல்வது அவன் தொழில். கல்யாணத்துக்கு முன்பு இதே பேய் வீடியோ விளையாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு முடித்ததாக வீட்டில் அளந்தும் வைத்திருந்தான். அதனால்தான் மச்சினன் அதன் புதுப் பதிப்பை வாங்கி வந்திருந்தான். அப்போது எல்லாவற்றுக்கும் பட்டன். இப்போது கன்ட்ரோலரைப் பிடித்த கை என்ன செய்கிறதோ, அதையே திரையில் உள்ள கையும் செய்கிறது. முன்னால் தள்ளினால் கதவு திறக்கும். நெஞ்சோடு இழுத்துப் பிடித்தால் மூடும். கூட ஓடிவரும் நர்ஸ் உள்ளே வரும்வரை பொறுத்திருந்து மூட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பொறுமைதான் அவனிடம் இல்லை.

மனைவி துண்டில் கையைத் துடைத்தபடி ஹால் வாசலில் வந்து நின்றாள். "எங்கே, எனக்கு ஒரு தடவை ஆடிக் காட்டுங்க."

ஆடினான். ஆஸ்பத்திரி நடைபாதை. பின்னால் ஈரத்துணியைத் தரையில் அடித்து அடித்து இழுப்பது போல அந்தக் காலடி. நர்ஸ் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவன் இழுத்துவிட்டான்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இன்னும் ரெண்டு எட்டுதான் இருந்துச்சு அவளுக்கு" என்றாள் மனைவி. பிறகு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஓடி வந்தாலாவது கொஞ்சம் பொறுப்பீங்களா, மாஸ்டர்?"

"சேச்சே. உன்னை விட்டுட்டு எங்கே போவேன்?" என்றான். காது மடல் சுட்டது.

மச்சினன் மழை விட்ட இடைவெளியில் கிளம்பிப் போனான். மனைவி பின்பக்க பால்கனிக்குத் துணி எடுக்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அந்த நர்ஸை ஒரு தடவையாவது காப்பாற்றிவிட வேண்டும், அவள் வந்து பார்க்கும்போது நர்ஸ் உள்ளே நிற்க வேண்டும் என்று அவன் மறுபடி எழுந்து நின்றான்.

விளக்குப் போடாத ஹாலில் திரையின் நீல வெளிச்சம் சுவரில் தண்ணீர் போல் அசைந்தது. அடைத்த ஜன்னல்களின் புழுக்கத்தோடு எங்கிருந்தோ மருந்து நெடியும், ரொம்ப நாள் ஊறிப்போன துணியின் நாற்றமும் மெல்லக் கலந்து வந்தன. அவன் வியர்த்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தான். ஈரக் காலடி கேட்டது. பொறு, என்று தனக்கே சொல்லிக்கொண்டான். காலடி நெருங்கியது. பொறு.

திரையில் நடைபாதை காலியாக இருந்தது. நர்ஸ் இல்லை. எதுவும் இல்லை.

காலடி வீட்டுக்குள் கேட்டது.

பால்கனிப் பக்கமிருந்து.

கை இழுத்துக்கொண்டது. ஹால் கதவு அறைந்து மூடியது.

"என்னங்க..." கதவுக்கு அந்தப் பக்கம் அவள். கைப்பிடி ஆடியது. "விளையாடாதீங்க. திறங்க."

அவன் கதவையே பார்த்தபடி நின்றான்.

"பின்னாடி யாரோ நடந்து வர்றாங்க. தம்பி இல்லை இது. திறங்க, ப்ளீஸ்."

கையை முன்னால் தள்ளினால் போதும். ஒரு சாண். அவன் கன்ட்ரோலரைக் கீழே போட்டான். அது கம்பளத்தில் விழ, அதன் சின்ன விளக்கு அணைந்தது. திரையும் இருண்டது.

கதவு திறக்கவில்லை.

அவன் குனிந்து பார்த்தான். வெறும் கை. முஷ்டி இன்னும் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அதை யாரும் பிடித்திருக்கவில்லை. எதுவும் இழுக்கவில்லை. விட்டால் விடும். அது அவனுக்குத் தெரிந்தது. திறந்தால் உள்ளே வரப்போவது அவள் மட்டுமல்ல என்பதும் தெரிந்தது.

ஈரம். அடி. ஈரம். அடி.

"நீங்க அங்கேதான் இருக்கீங்க. மூச்சு விடுறது கேக்குது எனக்கு."

மூச்சை அடக்கிக்கொண்டான்.

காலடி நின்றது.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் அவள் விரல்கள் நுழைந்தன. மோதிரம் தரையில் உரசியது. விரல்கள் அவனைத் தேடின. அவற்றின்மேல், அவசரமே இல்லாமல், வெளுத்து ஊறிச் சுருங்கிய வேறு விரல்கள் வந்து படிந்தன. ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டன. மெதுவாகப் பின்னால் இழுத்தன.

அவன் இடது கையையும் தூக்கினான். வலது முஷ்டியின் மேல் வைத்து, இரண்டு கைகளாலும், பலம் கொண்ட மட்டும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்தான்.