ஷெட்டுக்குள் இரண்டு வண்டிகள்

"சார், என்னை ஷெட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. போலீஸ் வர்றதுக்குள்ள வாங்க!" மெக்கானிக்கின் குரலைப் போனில் கேட்டதுமே துப்பறிவாளர் கிளம்பிவிட்டார். அவருடைய உதவியாளனுக்குச் சொல்ல வேண்டுமா? வாசலில் செருப்போடு நின்றான்.

முதலாளி ஷட்டரைப் பாதி தூக்கி இருவரையும் உள்ளே விட்டார். உடனே இறக்கி உள்பக்கமாகப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "போலீஸ் வர்ற வரைக்கும் ஒரு ஈ, எறும்பு வெளிய போகக்கூடாது."

ஜன்னலே இல்லாத ஷெட். பெட்ரோல் நெடியில் மூச்சு முட்டியது. முந்தின இரவு முதலாளியின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தெருமுனைக் காவலாளியை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. காவலாளி ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தார். காரின் ஒரு சாவி முதலாளி வீட்டு ஆணியில் தொங்கும், மற்றது மெக்கானிக்கிடம். பழி யார் தலையில் விழும்?

"என்னை உள்ள தள்ளிட்டா என் பிள்ளைங்க நடுத்தெருவுலதான் சார்," என்றான் மெக்கானிக்.

"காலையில கார் எப்படி இருந்துச்சு?"

"முன்பக்கத்தைத் துடைச்சு, தார்ப்பாயை ஒழுங்காப் போர்த்தியிருந்துச்சு. சாவி போட்டா உறுமக்கூட இல்ல. பேட்டரி காலி."

துப்பறிவாளர் காருக்குள் எட்டிப் பார்த்தார். விளக்கைப் போட இழுக்கும் குமிழ் உள்ளே தள்ளப்படாமல் வெளியே நீட்டியபடியே இருந்தது.

பக்கத்தில் தன் புதிய பிக்கப்பில் சாய்ந்திருந்த முதலாளியின் மாப்பிள்ளை சிரித்தார். "அந்த ஓட்டை டப்பாவை எவன் தொடுவான்? எல்லாத்துக்கும் கை வேணும். என் வண்டி மழை வந்தா தானே துடைச்சுக்கும்."

"அதுல ஏறுனா தூக்கம் வரும். இதுல ஏறுனா வயசு குறையும். அதான் உங்களுக்குக்கூட நான் தர்றதில்ல," என்றார் முதலாளி.

"வெளிச்சம் பத்தல மாப்பிள்ளை. உங்க வண்டி விளக்கைப் போடுங்களேன்," என்றார் துப்பறிவாளர். சிவப்புக் காரின் நெளிவை நிதானமாகப் பார்த்துவிட்டு, "போதும்," என்றார்.

மாப்பிள்ளை பொத்தானை அழுத்தி எஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், கதவைச் சாத்திவிட்டு வந்தார். விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. சற்றுப் பொறுத்துத் தாமாக அணைந்தன.

"நேத்து ராத்திரியும் இப்படித்தான் இறங்கி வந்தீங்களா?"

மாப்பிள்ளை தன் வண்டி விளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"பயத்துல மெக்கானிக்கும் விளக்கை மறந்திருக்கலாமே?" என்றான் உதவியாளன்.

"பயத்துல மறந்தவன் அப்படியே ஓடியிருப்பான். காரை எடுத்தவர் நின்னு, எரியுற விளக்குக்கு நடுவுல துடைச்சிருக்காரு. எரியுற விளக்கு மேலயே தார்ப்பாயைப் போர்த்தியிருக்காரு. அது தானா அணையும்னு நம்புறவர்தான் அப்படிச் செய்வாரு. பழைய வண்டியில எதுவும் தானா அணையாது. விடிய விடிய எரிஞ்சு பேட்டரியைக் குடிச்சிருச்சு."

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னுதான் மாமா..." மாப்பிள்ளை முதலாளியின் கையைப் பிடித்தார். "சாவியைக் குடுங்க. போலீஸ் வர்றதுக்குள்ள போயிடறேன். உங்க பொண்ணை நெனச்சுப் பாருங்க."

முதலாளியின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது. வெளியே ஜீப் வந்து நின்றது. யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

அவர் சாவியை எடுத்தார். மெக்கானிக்கின் உள்ளங்கையில் அதை வைத்தார்.

"என் கையால முடியாதுப்பா. நீயே திற."