எட்டு மணிக்கு யார்?

விடுமுறையில் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஆங்கில முகாம் நடத்தினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்க வேண்டும். சாப்பாடு, விளையாட்டு, சண்டை எல்லாமே ஆங்கிலத்தில்தான். ஆசிரியர்களுக்கும் அதே விதி. ஆசிரியர் அறையிலும் அலுவலகத்திலும் மட்டும் தாய்மொழி பேசலாம். அதனால் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்தியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

முகாமின் பொறுப்பாளர் மிளகின் அம்மா. மிளகு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆள் பொடிசு, வாய் காரம் என்று சமையல்காரர் வைத்த பட்டப்பெயர். இப்போது அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

முகாமில் முப்பது பிள்ளைகள். பெரிய அறையில் பையன்கள், கடைசி அறையில் பத்துப் பெண் பிள்ளைகள். மிளகுக்கும் கடைசி அறையில் கூடுதலாக ஒரு கட்டில் கிடைத்தது. ஆசிரியர்கள் மூன்று பேர்: விளையாட்டு சார், நாடக அக்கா, கதை டீச்சர்.

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை இருந்தது. கட்டம் கட்டமாக நாளும் நேரமும். விளையாட்டு சாருக்கு மஞ்சள் சீட்டு, நாடக அக்காவுக்கு நீலம், கதை டீச்சருக்குப் பச்சை. சீட்டு வெட்டுவதும் ஒட்டுவதும் மிளகின் வேலை. எது எங்கே என்று சொல்வது அம்மாவின் வேலை.

அம்மாவுக்கு ஓரவஞ்சனை என்றாலே ஆகாது. போன வருஷம், "எனக்கு மட்டும் ஏன் தினமும் ராத்திரி வேலை?" என்று ஆசிரியர்களுக்குள் பெரிய சண்டை. அதனால் இந்த வருஷம் ஒரு சக்கரம் போட்டார். இன்று விடியற்காலை வேலை பார்த்தவர் நாளை மதியம் பார்க்க வேண்டும், மறுநாள் இரவு. எல்லோரும் எல்லா வேலையும் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பு தள்ளிப்போனாலும் சக்கரம் முழுக்க மாறிவிடும். அதைச் சரிசெய்யவே அம்மா தினமும் இரவு எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார். மிளகு தூங்கப் போகும்போது அந்த அறை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆட்கள்தான் கணக்குக்கு அடங்கவில்லை.

விளையாட்டு சார் சூரியனுக்கு முன்னால் எழுந்து மைதானத்தைச் சுற்றுகிறவர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவருக்குக் கண் சொருகிவிடும். அவருக்கு இரவு வேலை வந்த அன்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். பையன்கள் தலையணைச் சண்டையில் ஒரு தலையணையைக் கிழித்தார்கள். பஞ்சு மூக்கில் ஏறித் தும்மிய பிறகுதான் சார் விழித்தார்.

நாடக அக்கா இதற்கு நேர்மாறு. ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்து முகமூடி ஒட்டுவார். மறுநாள் காலை உடற்பயிற்சி அவர் தலையில் விழுந்தது. "ஜம்ப்" என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்டாப்" சொல்ல மறந்துவிட்டார். பிள்ளைகள் குதித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதையெல்லாம் சிரித்துச் சமாளித்துவிடலாம். ஆனால் அன்று மதியம் கதை டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். "மேடம், ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்குக் கிளம்புறேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"பத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர் இருக்கணும்னு விதி. ஒருத்தர் போனா, பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பணும்."

"எந்தப் பத்துப் பேரை?"

"கடைசியா சேர்ந்தவங்களைத்தான். உன் அறைப் பிள்ளைங்க. டீ நேரம் முடிஞ்சதும் அவங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணணும்."

அந்த அறையில் முதல் நாள் வாயே திறக்காத ஒருத்தி, நேற்று தூக்கத்தில் ஆங்கிலத்தில் உளறினாள். அதற்கு அறையே எழுந்து உட்கார்ந்து கை தட்டியது. இப்போது போய் அவர்களைப் பெட்டி கட்டச் சொல்வதா?

மிளகு நேராகக் கதை டீச்சரைத் தேடிப் போனாள். அவர் ஆசிரியர் அறையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எங்களைப் பிடிக்கலையா?"

"ஐயோ, யார் சொன்னா? என் பாப்பா சின்னது, மிளகு. எட்டு மணிக்கு போன்ல நான் பேசினாத்தான் தூங்கும். எனக்கு அந்த நேரத்துல வேலை வந்துட்டா, அது ராத்திரியெல்லாம் அழுதுட்டே இருக்காம்."

"அம்மாகிட்ட சொல்லலாமே."

"எல்லாருக்கும் சமம்னு சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

மிளகுக்கு ஒன்று புரிந்தது. கதை டீச்சர் கேட்கவில்லை. விளையாட்டு சாரும் நாடக அக்காவும்கூடக் கேட்கவில்லைதான். ஆளுக்கு ஒரு கஷ்டத்தை வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருந்தார்கள்.

அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். அம்மா சமையலறையில் இருந்தார். மிளகு நாற்காலி போட்டு ஏறி, சுவரிலிருந்த சீட்டுகளை ஒன்று விடாமல் பிய்த்தாள். பாவாடையில் அள்ளிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து மேசையில் கொட்டினாள். டீ குடிக்க மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

"உன் முதுகுல டின் கட்டப் போறாங்க" என்றார் விளையாட்டு சார்.

"அது அப்புறம் சார். இதுல உங்களுக்கு வேண்டாத வேலை எதுன்னு சொல்லுங்க."

விளையாட்டு சார் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் இரவுச் சீட்டுகளை எல்லாம் தள்ளிவைத்தார். நாடக அக்கா விடியற்காலைச் சீட்டுகளை ஏதோ கரப்பான்பூச்சியைத் தள்ளுவது போல விரல் நுனியால் தள்ளினார். கதை டீச்சர் எட்டு மணிச் சீட்டுகளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"தள்ளுங்க டீச்சர்" என்றாள் மிளகு.

அவரும் தள்ளினார்.

"இப்போ மத்தவங்க தள்ளினதுல உங்களுக்குப் பிடிச்சது இருந்தா எடுத்துக்கோங்க."

சார் விடியற்காலைச் சீட்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டார். அக்கா பெரிய அறையின் இரவு வேலையை எடுத்துக்கொண்டார். மதியம் பிள்ளைகள் படுக்கும் நேரத்தில் காவல் இருக்க யாருக்கும் ஆசையில்லை. அந்த நேரத்தில் எல்லோருக்குமே தூக்கம் வரும். கதை டீச்சர், "எனக்குப் பகல்ல தூக்கமே வராது" என்று அதை எடுத்துக்கொண்டார்.

அப்போது கதவு திறந்தது. அம்மா நின்றார்.

"சுவர் ஏன் மொட்டையா இருக்கு?"

மிளகு முன்னால் வந்தாள். "நான்தாம்மா பிய்ச்சேன். டீச்சரோட பாப்பா எட்டு மணிக்கு இவங்க பேசினாத்தான் தூங்குமாம்."

அம்மா கதை டீச்சரைப் பார்த்தார். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சலுகை கேட்டதா ஆயிடும்னுதான் மேடம்."

அம்மா மேசைக்கு வந்து சீட்டுகளைப் பார்த்தார். "தினமும் விடியக்காலை வேலைன்னா சாருக்கு அநியாயமா இருக்காதா?"

"மேடம், நான் எப்படியும் முழிச்சுட்டுத்தான் இருப்பேன்" என்றார் விளையாட்டு சார். "அந்தத் தலையணைப் பஞ்சைத் திரும்பவும் என் மூக்குல ஏத்தாதீங்க."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டே மேசையில் மிச்சமிருந்த சீட்டுகளைச் சுட்டிக்காட்டினார். "இதெல்லாம்?"

கடைசி அறை, இரவு எட்டு மணி. அந்த வேலைக்கு மட்டும் ஆள் இல்லை. சார் அந்த நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். அக்கா பெரிய அறையில் இருப்பார். கதை டீச்சர் போனில் பேசிக்கொண்டிருப்பார். "பாப்பா தூங்கினதும் ஒன்பது மணிக்கு நான் வந்துடுவேன்" என்றார் அவர். அந்த ஒரு மணி நேரம்தான் இடித்தது. ஆள் இல்லாவிட்டால் பத்துப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மிளகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சீட்டு வெட்ட ஆரம்பித்தாள்.

"வெள்ளை யாருக்கு?" என்றார் நாடக அக்கா.

"அம்மாவுக்கு."

"எட்டு மணிக்கு எனக்கு வேலை இருக்கே, மிளகு. அட்டவணையைச் சரிபண்ணணுமே."

"இனிமே என்னத்தைச் சரிபண்ணப் போறே? சக்கரம்தான் சுத்தாதே."

அம்மா மேசையிலிருந்த மஞ்சள், நீலம், பச்சையை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு வெள்ளைச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய், தன் கையாலேயே சுவரில் ஒட்டினார். போன் பண்ணுவதற்காக எழுதிவைத்திருந்த பத்துப் பெயர்களையும் அடித்துவிட்டார்.

அன்று இரவு எட்டு மணிக்கு அம்மா கடைசி அறைக்கு வந்தார். பொறுப்பாளரே வந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் விறைத்துப்போய்ப் படுத்திருந்தார்கள். அம்மா ஒரு கதை சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் கழுதை மாதிரி கத்த வேண்டிய இடத்தில் கழுதை மாதிரியே கத்தினார். அதோடு பயம் போயிற்று.

முகாம் தொடங்கியதிலிருந்து தூங்கும் நேரத்தில் மிளகு அம்மாவின் குரலைக் கேட்டதே இல்லை. அது எவ்வளவு பிடிக்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

விளக்கை அணைக்கும் முன் அம்மா ஒவ்வொரு கட்டிலாக வந்து போர்வையை இழுத்துவிட்டார். மிளகின் கட்டிலுக்கு வந்ததும், குனிந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

பத்துப் பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்திகூட ஓரவஞ்சனை என்று சொல்லவில்லை.