சுவரில் மாட்டிய பட்டம்

குடையைச் சுருக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். சித்தப்பா இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவன்... அவன் தலைக்கு மேலே, சட்டம் போட்ட அவளுடைய வேளாண் பட்டம், கூடவே புகைப்படமும்.

பூச்சிமருந்துக் கடைக்கு உரிமம் வாங்க ஒரு பட்டதாரி வேண்டும் என்று எட்டு மாதம் முன்பு சித்தப்பா கெஞ்சி வாங்கிப்போனது. இப்போது அவளுக்கே அரசு வேலை. திங்கட்கிழமை அசல் பட்டத்தைக் காட்டவேண்டும்; திரும்ப வாங்கத்தான் வந்தாள். அதற்குள் இவன் கண்டதை விற்று ஏதாவது புகார் வந்தால்? உருளப்போவது அவள் தலை.

சோதித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

"தொட்டிச் செடியில இலையெல்லாம் மஞ்சளாகுது... என்ன மருந்து அடிக்கலாம்?"

நிமிர்ந்தான். மழையில் நனைந்த கருங்கல் போல் மினுங்கும் கண்கள். இவ்வளவு அழகான கண்ணை வைத்துக்கொண்டு எதையும் விற்றுவிடலாமே... அவளுக்குச் சந்தேகம் கூடியது.

"மருந்தே வேண்டாங்க. தண்ணி தேங்குது. ரெண்டு நாள் காயவிடுங்க."

சரியான பதில். அதுதான் இடித்தது.

விசாரித்தாள். அவள் படித்த அதே கல்லூரியாம், இரண்டு வருடம் மூத்தவனாம். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வங்கியில், ஒருவன் செல்போன் விற்கிறான். இவன் பட்டமோ அக்கா வீட்டுக்காரரின் கடைச் சுவரில். திருப்பிக் கேட்டால் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளாம். நன்றாகத்தான் கதை கட்டுகிறான்...

"நான் யாருன்னு தெரியுமா?"

"உள்ள வந்ததுமே தெரிஞ்சுது. தினமும் போட்டோவைத் துடைக்கறேனே."

அவளுக்குக் காது சூடானது. "ஓ... அதான் நல்லவர் மாதிரி மருந்து வேண்டாம்னீங்களா?"

அவன் முகம் வாடியது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், ஈரத் துண்டைப் பிழிந்தபடி உள்ளே வந்தார்.

"இன்னிக்காவது மருந்து குடுப்பியா தம்பி? மூணு தடவை வெறுங்கையா அனுப்பிட்டே. கேட்டா, தேவையில்லாம வித்தா அந்தப் பொண்ணு பேரு கெட்டுடும்ங்கறே."

அவள் தலை குனிந்தது.

பெரியவருக்கு வேண்டியதைச் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் முக்காலியில் ஏறிப் பட்டத்தையும் புகைப்படத்தையும் கழற்றி அவளிடம் நீட்டினான். "இதுக்குத்தானே வந்தீங்க? உங்க சித்தப்பா சொன்னார்." இது இல்லாவிட்டால் கடையை மூடவேண்டும். அவன் வேலையும் போகும். அது அவளுக்கும் தெரியும்.

"வேலை போனா போகுது..." என்றான், தரையைப் பார்த்தபடி. "நாளைக்கு உங்க முகத்தைப் பார்க்க முடியாதே, அதான்."

மழை நின்றதுகூட இருவருக்கும் தெரியவில்லை.

"உங்க மாமா கடை எங்க இருக்கு? வாங்க, உங்க பட்டத்தை நான் கேட்கறேன். அதை இங்க மாட்டலாம்."

"நீங்க யாருன்னு அக்கா கேட்டா?"

குடையைப் பிரிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கட்டிக்கப் போறவள்னு சொல்லுங்க."