எவனோ ஒருத்தன்

ஐந்து இடத்தில் விரல் தடுக்கியது கிட்டார்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. கைபேசியில் பதிவானதைப் போட்டுக் கேட்டபோது நான்குதான் இருந்தன.

திரும்பவும் கேட்டார். நான்கு. மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்கு மாறும் இடத்தில், காரின் கதவில் நசுங்கிய அந்த மோதிர விரல் நழுவி, ஸ்வரத்துக்குப் பதில் 'டொக்' என்று வெறும் மரச்சத்தம் எழுந்ததே, அது இல்லை. அந்த இடத்தில் ஸ்வரம் கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர் போலச் சுத்தமாக நின்றது.

விரல் அடிபட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. இசைக்குழுவை நடத்தும் கீபோர்ட்காரர் மாத முடிவு வரைதான் இடம் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். பாட்டின் தொடக்கத் துண்டை, தாளம் தட்டும் மெட்ரோனோம் நூற்று அறுபது வேகத்தில் ஓட, ஓரிடத்திலும் தடுக்காமல் வாசித்துப் பதிவு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள். அதற்கு வழி சொன்னவரும் அவர்தான்.

"நம்ம வாசிப்பை நாமளே கேட்டா காது செல்லம் கொடுக்கும்ப்பா. உன்னோடதுன்னு நினைக்காத. எவனோ ஒருத்தன் வாசிக்கிறான்னு நினைச்சுக் கேட்டு மார்க் போடு."

"எவனோ ஒருத்தனுக்கு நான் ஏண்ணே மார்க் போடணும்?"

"போடு. அவன் தேறினா நீ தேறுவ."

அன்றிலிருந்து நோட்டில் அப்படியே எழுதினார். 'நூற்றுப் பத்து. அவன் அவசரப்படுகிறான். பத்துக்கு நாலு மார்க்.' அதைப் படித்துவிட்டு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "ஏங்க, உங்க 'அவன்' இன்னிக்குப் பாஸா, ஃபெயிலா?"

அவன் தேறிக்கொண்டுதான் வந்தான்.

மழை விடாத மதியங்களில், சாத்திய ஜன்னலுக்குள் ஈரத் திரைச்சீலையின் பூசண வாடை சுழல, அடுத்த அறையில் ஃப்ரிட்ஜ் உறுமி அடங்க, விரல் நுனிகளில் கம்பியின் இரும்பு மணம் ஏற ஏற, கிட்டார்காரர் வாசித்தார். நூற்று முப்பதில் விரல் மூட்டு பூட்டிக்கொண்டது. பதிவில் பூட்டவில்லை. நூற்று நாற்பதில் எட்டு முறை தடுக்கினார். பதிவில் இரண்டு. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நூற்று அறுபதையும் இப்படியே பதிந்து அனுப்பிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டு நோட்டைத் திறந்து எழுதினார்: 'அவனுக்கு எட்டு மார்க்.'

பிறகுதான் மூச்சைக் கவனித்தார். வேகம் கூடினால் அவர் வாயால் மூச்சு வாங்குவார். பதிவில் இருந்தவன் மூக்கால் விட்டான். மெதுவாக. தூங்குகிறவன் மாதிரி.

மாத முடிவுக்கு மூன்று நாள் இருந்தது. அன்று மதியம் கிட்டாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, கூடத்தில் கொண்டுபோய் வைத்தார். அறைக்குத் திரும்பி விளக்கைப் போட்டார். மெட்ரோனோமை நூற்று அறுபதில் ஓடவிட்டு, கைபேசியில் பதிவை அழுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து கைகளை முட்டியில் வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம். 'டக் டக்' தவிர ஒரு சத்தமும் இல்லை. நிறுத்தினார். போட்டுக் கேட்டார்.

முழுத் துண்டும் இருந்தது.

ஓரிடத்திலும் தடுக்கவில்லை. கடைசி ஸ்வரம் அடங்கியது. நாற்காலி கிறீச்சிட்டது. தாளில் பென்சில் ஓடியது. பிறகு ஒரு குரல். அவருடையதே.

"அவன் இன்னிக்குக் கையையே தூக்கல. பூஜ்யம்."

அழிக்க வேண்டும். உடனே. கையை நீட்டினார். கை முட்டியிலேயே இருந்தது. விரலை அசைத்தார். அசையவில்லை. மோதிர விரல் மட்டுமல்ல. பத்தும்.

வாசல் பூட்டு திறந்தது.

"ஏங்க!"

வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை.

"உள்ளதான் இருக்கேன், வா," என்றது அவர் குரல். முதுகுக்குப் பின்னாலிருந்து.

மனைவி வந்தாள். கைபேசியை எடுத்துக் காதருகே வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா! ஒரு இடத்துலகூட தடுக்கலையே! அண்ணனுக்கு அனுப்பிட்டீங்களா?"

நாற்காலியைப் பார்த்து அல்ல. நாற்காலிக்கு மேலே, பின்னே பார்த்துக் கேட்டாள்.

"அனுப்பியாச்சு. சனிக்கிழமை வரச் சொல்லிட்டாரு."

"அப்போ உங்க 'அவன்' பாஸு."

"அவனா?" காலடிகள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போயின. "அவன் தேற மாட்டான். விட்டாச்சு."

அவள் சிரித்தாள். வாசலில் நின்று அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஆளில்லாத அறையைப் பார்ப்பது போல. விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் அவர் பையின் ஜிப்பைத் திறந்து கிட்டாரை எடுக்கும் சத்தம் கேட்டது.

இருட்டில், முட்டியில் கை வைத்தபடி, அவன் உட்கார்ந்திருந்தான்.